சுளுக்கு, தசைக் கிழிவு, ஜவ்வுக் காயம்: இராமநாதபுரக் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம், பாம்பன், தொண்டி, கீழக்கரை, மூக்கையூர் எனக் கடலோர ஊர்களிலிருந்து இயன்முறை சிகிச்சைக்கு வருகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். வலை இழுப்பவர்கள், ஐஸ் பெட்டி தூக்குபவர்கள், பாசி எடுக்கும் பெண்கள், பனையேறுபவர்கள், மாலையில் மணலில் கபடி ஆடும் பையன்கள் ஆகியோரே பெரும்பாலும் வருகிறார்கள். உடம்பை நம்பிப் பிழைக்கும் அவர்களுக்கு ஒரு கணுக்கால் வீங்கினால் வீட்டு வருமானமே நின்றுவிடும் என்பதை மனத்தில் கொண்டே ஒவ்வொரு பதிலையும் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: சுளுக்கு என்பது உண்மையில் என்ன? "நரம்பு பிரண்டுவிட்டது" என்கிறார்களே?

நம் பேச்சில் "நரம்பு" என்ற ஒரே சொல் பல பொருள்களைச் சுமக்கிறது. உணர்ச்சியைக் கொண்டு செல்லும் நரம்பு, தோலுக்கடியில் பச்சையாகத் தெரியும் இரத்தக் குழாய், தசையை எலும்போடு சேர்க்கும் தசைநாண், எலும்பை எலும்போடு கட்டும் ஜவ்வு ஆகிய நான்கையும் நாம் நரம்பு என்றே சொல்லிவிடுகிறோம். கால் பிசகும்போது பெரும்பாலும் காயப்படுவது ஜவ்வு. பாடநூல்களில் தசைநார் என்று எழுதப்படுவதும் இதுதான். வலையை இழுக்கும் கயிறு போன்றது தசைநாண். இரண்டு படகுகளை அருகருகே பிணைத்து வைக்கும் கயிறு போன்றது ஜவ்வு. அந்தக் கயிறு தாங்கும் அளவுக்கு மேல் இழுபட்டால் அதன் புரிகள் அறுகின்றன. அதைத்தான் சுளுக்கு என்கிறோம். தசையிலோ தசைநாணிலோ அதேபோல் இழைகள் அறுந்தால் அது தசைக் கிழிவு.

இரண்டையும் மருத்துவர்கள் மூன்று நிலைகளாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலையில் சில இழைகள் மட்டும் அறுந்திருக்கும். வலித்தாலும் நடக்க முடியும். இரண்டாம் நிலையில் ஒரு பகுதி கிழிந்து வீக்கமும் இரத்தக் கன்றலும் தெரியும். மூன்றாம் நிலையில் முழுவதும் அறுந்துபோயிருக்கும். முழுதாக அறுந்த ஜவ்வில் இழுபடுவதற்கு ஒன்றும் மிஞ்சாததால், சில நேரம் இரண்டாம் நிலையைவிட வலி குறைவாகவே இருக்கும். ஆகவே வலி குறைவு என்பதை மட்டும் வைத்துக் காயம் சிறியது என்று முடிவு செய்யக் கூடாது. மூட்டு தொளதொளவென்று நிலையில்லாமல் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

கேள்வி: கால் பிசகியவுடன் என்ன செய்ய வேண்டும்?

அந்தக் காலில் பாரம் போடுவதை நிறுத்துங்கள். கிரேப் பேண்டேஜ் இருந்தால் விரல்களுக்குச் சற்று மேலே தொடங்கி, கணுக்காலைக் கடந்து மேல்நோக்கிச் சுற்றிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டினாலும் போதும். கட்டிய பிறகு விரல்கள் மரத்தாலோ, நீலம் பாய்ந்தாலோ, குளிர்ந்தாலோ உடனே தளர்த்த வேண்டும். படுக்கும்போது காலைத் தலையணைமீது, நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்கும்படி வையுங்கள்.

ஐஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கரையில் ஐஸுக்குப் பஞ்சமே இல்லை. 1978-இல் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின் ஓய்வு, ஐஸ், அழுத்தக் கட்டு, உயர்த்தி வைத்தல் ஆகிய நான்கையும் ஒரே முறையாக எழுதினார். உலகம் முழுவதும் அதையே பின்பற்றியது. பல ஆண்டுகளுக்குப் பின் அவரே ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். வீக்கம் என்பது உடல் தன்னைப் பழுதுபார்க்க ஆள் அனுப்பும் வேலை. அதை முற்றிலும் அடக்கிவிடக் கூடாது என்பதே இதன் காரணம். என் கருத்தில், வலி தாங்க முடியாத முதல் ஓரிரு நாளில் ஐஸ் வைப்பதில் தவறில்லை. வலி தாங்கக்கூடியதாக இருந்தால் தேவையும் இல்லை. வைக்கும்போது ஈரத்துணியில் சுற்றி 15 நிமிடம் மட்டும் வையுங்கள். அடுத்த முறைக்குள் இரண்டு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். மீன் பெட்டியில் கிடக்கும் ஐஸைத் தோல் கிழிந்த இடத்தில் வைத்தால் சீழ் பிடிக்கும். உப்புக் கலந்த ஐஸ் 0 டிகிரிக்கும் கீழே குளிர்ந்துவிடும் என்பதால், அது நேராகத் தோலில் பட்டால் தீப்பட்டதுபோல் வெந்துவிடும்.

முதல் மூன்று நாட்கள் சூடான ஒத்தடம், சூடேற்றும் எண்ணெய், மது ஆகிய மூன்றையும் தவிர்க்க வேண்டும். இவை இரத்தக் கசிவையும் வீக்கத்தையும் கூட்டும்.

கேள்வி: சுளுக்கு வழிக்கலாமா? எங்கள் ஊரில் கைராசிக்காரர் ஒருவர் இருக்கிறார்.

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் பாம்பன் பக்கத்திலிருந்து ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா வந்தார். மீன் கூடையோடு ஈரத் தரையில் வழுக்கிக் கால் மடங்கியிருக்கிறது. பதினொரு நாட்களில் மூன்று முறை வழித்திருக்கிறார்கள். சேலையைச் சற்றே உயர்த்திக் காலைக் காட்டினார். எண்ணெய் மினுங்கிய பாதத்தில், வெளிக்கணுக்காலைச் சுற்றிக் கருநீலமும் அதன் ஓரத்தில் மஞ்சளும் படர்ந்திருந்தன; வீங்கிய தோலில் அன்று காலை அழுத்திய கட்டைவிரலின் குழிகள் வரிசையாக அப்படியே நின்றன. புடைத்த எலும்பின் நுனியை நான் மெல்லத் தொட்டதும் என் கையைத் தட்டிவிட்டார். எக்ஸ்-ரேயில் அந்த எலும்பு முறிந்து சற்று விலகியிருந்தது. மூன்று முறையும் முறிந்த எலும்பின் மேலேயே வழித்திருக்கிறார்கள்.

வழித்தவர்மீது எனக்குக் கோபம் இல்லை. நல்ல எண்ணத்தோடுதான் செய்திருப்பார். ஆனால் புதிய காயத்தில் அழுத்தித் தேய்த்தால், ஒட்டத் தொடங்கிய இழைகள் மறுபடி அறுகின்றன. நின்றுபோன இரத்தக் கசிவு மறுபடி தொடங்குகிறது. தொடையில் பலமாக அடிபட்டுக் கன்றிப்போன தசையைத் தேய்த்தால் இன்னொரு கேடும் உண்டு: தசைக்குள்ளேயே எலும்பு படியத் தொடங்கி, முழங்காலை மடக்க முடியாமல் போகலாம். ஆகவே எலும்பு முறிவு இல்லை என்று உறுதியாகும் வரையிலும், முதல் வாரம் முழுவதிலும் வழிக்க வேண்டாம் என்பதே என் உறுதியான வேண்டுகோள். வீக்கமும் சூடும் வடிந்த பின், இறுகிய தசையை இதமாகப் பிடித்துவிடுவது சுகம் தரும். அதைத் தாராளமாகச் செய்துகொள்ளலாம்.

தப்பை (மூங்கில் பத்தை) வைத்து இறுகக் கட்டுவது இதைவிட ஆபத்தானது. வீக்கம் வளர வளரக் கட்டு வளராது; உள்ளே இரத்த ஓட்டம் நின்று, சில மணி நேரத்தில் தசை செத்துப்போகலாம். கட்டிய பின் வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனாலும், விரலை அசைத்தாலே உயிர் போவதுபோல் வலித்தாலும், இரவானாலும் சரி, கட்டை அவிழ்த்துவிட்டு மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும்.

கேள்வி: சுளுக்கா, எலும்பு முறிவா என்று வீட்டிலேயே எப்படி அறிவது?

கணுக்காலுக்கு ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-இல் வெளியிட்ட விதிகள் இன்றும் உலகெங்கும் பயன்படுகின்றன. அடிபட்டவுடனும், பின்னர் மருத்துவரிடம் காட்டும்போதும், நொண்டியாவது நான்கு அடி எடுத்துவைக்க முடியாவிட்டால் எக்ஸ்-ரே வேண்டும். கணுக்காலின் இரு பக்கமும் புடைத்திருக்கும் எலும்புகளின் நுனியிலோ, பின் விளிம்பில் 6 சென்டிமீட்டர் உயரத்துக்குள்ளோ எலும்பையே தொட்டால் வலித்தாலும் வேண்டும். பாதத்தின் வெளி ஓரத்தில் சுண்டுவிரலுக்கு நேர் பின்னே நடுவில் துருத்தும் எலும்பும், உள்பக்கம் பாத வளைவின் உச்சியில் உள்ள எலும்பும் அதே கணக்கில் சேரும். இவை எதுவும் இல்லையென்றால் முறிவு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

சிறு பிள்ளைகளுக்கு இந்த அளவுகோலை வீட்டில் நம்பி இருந்துவிட வேண்டாம். வளரும் வயதில் எலும்பின் முனையிலுள்ள வளர்ச்சித் தட்டைவிட ஜவ்வு உறுதியாக இருக்கும். பெரியவர்களுக்கு ஜவ்வு கிழியும் விசையில் பிள்ளைகளுக்கு அந்தத் தட்டு விலகும். அதேபோல் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு மெலிந்திருக்கும் என்பதால், சிறு வழுக்கலையும் "வெறும் சுளுக்கு" என்று தள்ளிவிடக் கூடாது.

கேள்வி: எக்ஸ்-ரேயில் ஒன்றும் இல்லை என்றார்கள். பிறகு ஏன் வலிக்கிறது?

எக்ஸ்-ரே எலும்பைக் காட்டும். ஜவ்வையும் தசையையும் காட்டாது. "ஒன்றும் இல்லை" என்றால் எலும்பு முறியவில்லை என்று மட்டுமே பொருள். தேவைப்பட்டால் அல்ட்ராசவுண்டு அல்லது எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். பெரும்பாலான கணுக்கால் சுளுக்குக்கு அவை தேவைப்படுவதில்லை. கைதேர்ந்தவரின் பரிசோதனையே போதும்.

கேள்வி: கபடி ஆடும்போது முழங்காலில் "டொப்" என்று சத்தம் கேட்டது. இப்போது நடக்கும்போது கால் நழுவுகிறது. என்ன ஆகியிருக்கும்?

பாதம் மணலில் ஊன்றியிருக்க உடல் மட்டும் திரும்பும்போது, முழங்காலின் உள்ளே குறுக்காக ஓடும் முன்புற ஜவ்வு அறுவதுண்டு. சத்தம், ஓரிரு மணி நேரத்திலேயே பந்துபோல் வீங்குதல், பின்னர் படியிறங்கும்போதோ திரும்பும்போதோ கால் விட்டுக்கொடுத்தல் ஆகிய மூன்றும் சேர்ந்தால் அதையே முதலில் சந்தேகிக்க வேண்டும். முழங்காலை நீட்ட முடியாமல் பாதியில் பூட்டிக்கொண்டால், எலும்புகளுக்கு நடுவே இருக்கும் பிறை வடிவக் குருத்தெலும்பு கிழிந்து இடையில் மாட்டியிருக்கலாம். அதையும் ஊரில் ஜவ்வு என்றே சொல்வதால், மருத்துவர் சொன்ன ஜவ்வு எது என்று தெளிவாகக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்; சிகிச்சை இரண்டுக்கும் வேறு.

முழங்காலின் உள்பக்க ஓர ஜவ்வு கிழிந்தால் பெரும்பாலும் பட்டையும் பயிற்சியும் கொண்டே ஆறிவிடும். முன்புற ஜவ்வு முழுதாக அறுந்தால் தானாக ஒட்டுவது அரிது. ஆனால் அறுந்த எல்லோருக்கும் அறுவைச் சிகிச்சை தேவை என்பதும் சரியில்லை. நேராக நடக்கும் வேலை செய்கிறவர் தொடைத் தசையை நன்கு வலுப்படுத்திச் சமாளித்துவிடலாம். ஆடும் படகில் நின்று வலை இழுப்பவருக்கும், பனையேறுபவருக்கும், தொடர்ந்து கபடி ஆட விரும்பும் பையனுக்கும் கால் நழுவுவது உயிருக்கே ஆபத்து என்பதால், அவர்கள் எலும்பு மருத்துவரிடம் அறுவைச் சிகிச்சை பற்றித் தள்ளிப்போடாமல் பேச வேண்டும். ஜவ்வில்லாத முழங்காலோடு ஆண்டுக்கணக்கில் ஆடினால் குருத்தெலும்பும் சேர்ந்து தேய்ந்துவிடும்.

கேள்வி: படகைத் தள்ளும்போது பின்னாலிருந்து யாரோ கல்லெறிந்ததுபோல் கெண்டைக்காலில் வலித்தது. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை.

கெண்டைக்கால் தசையோ, குதிகாலுக்கு இறங்கும் தசைநாணோ கிழிந்தவர்கள் அனைவரும் ஏறக்குறைய இதே வார்த்தைகளில்தான் சொல்கிறார்கள். எது கிழிந்தது என்று அறிய, குப்புறப் படுத்துப் பாதத்தைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடச் சொல்லிக் கெண்டைக்கால் சதையைப் பிசைய வேண்டும். பாதம் கீழ்நோக்கி அசைந்தால் தசைநாண் தொடர்ச்சியாக இருக்கிறது, அசையாவிட்டால் அறுந்திருக்கக்கூடும். அறுந்தது என்றால் முதல் சில நாட்களுக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும்.

அடி எதுவும் படாமல் ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் அது இரத்தக் குழாய்க்குள் இரத்தம் உறைந்து உண்டான கட்டியாக இருக்கலாம். அதைத் தேய்க்கவே கூடாது. கூடவே மூச்சுத் திணறினால் 108-ஐ அழையுங்கள். ஆழமில்லாத நீரில் நடக்கும்போது சுருக்கென்று குத்தி வலி ஏறினால் அது திருக்கை முள்ளாக இருக்கலாம். அதற்கு ஐஸ் உதவாது. தோல் வேகாத அளவு சூடான வெந்நீரில், சுமார் 45 டிகிரிக்கு மேற்படாமல், காலை வைத்துக்கொண்டே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கேள்வி: பாசி எடுக்கக் கடலில் மூழ்கும்போது கெண்டைக்கால் இழுத்துக்கொள்கிறது. இதுவும் கிழிவா?

இது குரக்குவலி, தசை களைத்துப்போய்த் தானே இறுகிக்கொள்வது. பல மணி நேரம் நீரில் இருந்தாலும் உடலில் நீர் குறைந்துபோகும் என்பதைப் பலர் உணர்வதில்லை. புறப்படும் முன் நீராகாரமோ உப்புப் போட்ட கஞ்சியோ குடிப்பதும், தண்ணீர்ப் பாட்டிலைப் படகில் வைத்திருப்பதும் உதவும். நீருக்குள் இழுத்துக்கொண்டால் பதறாமல் மேலே வந்து, மிதவையையோ படகையோ பிடித்துக்கொண்டு, முழங்காலை நீட்டி, பாதவிரல்களை முகத்தை நோக்கி இழுங்கள்; ஒரு நிமிடத்தில் விடும். தனியாக ஆழத்துக்குப் போகாதீர்கள் என்று ஒவ்வொரு பெண்ணிடமும் நான் கெஞ்சிச் சொல்கிறேன்.

கேள்வி: வலி மாத்திரை போட்டுக்கொண்டு கடலுக்குப் போகலாமா?

பாராசிட்டமால் பெரும்பாலானோருக்குப் பாதுகாப்பானது. பெரியவர்கள் ஒரு வேளைக்கு 500 முதல் 1000 மில்லிகிராம் வரை, குறைந்தது நான்கு மணி நேர இடைவெளியில் எடுக்கலாம்; எல்லாம் சேர்த்து ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. மது அருந்துபவர்களும் கல்லீரல் நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டு இதைவிடக் குறைவாகவே எடுக்க வேண்டும். டைக்ளோபினாக், ஐபுபுரூபன் போன்றவை அப்படியல்ல. வெயிலில் வியர்த்து, தண்ணீர் குறைவாகக் குடித்து, வெறும் வயிற்றில் அவற்றை விழுங்குவது சிறுநீரகத்தையும் இரைப்பையையும் ஒருசேரக் கெடுக்கும். சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய், வயிற்றுப்புண் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவர் சொல்லாமல் அவற்றைத் தொடக் கூடாது. கடையில் "செட் மாத்திரை" என்று பொட்டலமாகத் தருவதை வாங்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. மாத்திரை வலியை மறைக்குமே தவிர அறுந்த புரியை ஒட்டாது. வலி தெரியாமல் வலை இழுத்தால் பாதிக் கிழிவு முழுக் கிழிவாகும்.

கேள்வி: தடைக்காலம் முடிந்து முதல் முறை கடலுக்குப் போய் வந்தாலே இடுப்புப் பிடித்துக்கொள்கிறதே, ஏன்?

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. அந்த இரண்டு மாதத்தில் முதுகும் தோளும் பழக்கம் விட்டுப்போகின்றன. பிறகு ஒரே இரவில் முழுப் பாரத்தையும் ஏற்றினால் தசை தாங்காது. மே கடைசி வாரத்திலிருந்தே பாதி நிரம்பிய தண்ணீர்க் குடத்தை முழங்கால் மடக்கித் தூக்கி வைப்பது, கயிற்றைத் தூணில் கட்டி இழுப்பது போன்றவற்றை ஒரு நாள் விட்டு ஒரு நாள், சிறிது சிறிதாகக் கூட்டிச் செய்து வந்தால் இதைப் பெருமளவு தவிர்க்கலாம்.

பிடித்துக்கொண்ட இடுப்புக்குப் படுக்கை மருந்தாகாது. ஓரிரு நாள் அடங்கியிருந்து, பிறகு வலிக்கும் எல்லைக்குள் நடமாடுகிறவர்களே சீக்கிரம் குணமாகிறார்கள். காலால் பிறந்தவர் மிதித்தால் விடும் என்ற நம்பிக்கை இங்கே உண்டு. பெரும்பாலான இடுப்புப் பிடிப்பு சில வாரங்களில் தானாகவே குறையும் என்பதால் அந்தப் பெயர் மிதித்தவருக்குப் போகிறது. மிதிபட்டு நிலைமை மோசமானவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். சிறுநீர் வராமல் அடைத்தாலோ, அறியாமல் கழிந்தாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, கால் பலமிழந்தாலோ அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: எத்தனை நாளில் ஆறும்? எப்போது வேலைக்குப் போகலாம்?

முதல் நிலைத் தசைக் கிழிவு ஒன்று முதல் மூன்று வாரத்தில் ஆறும். இரண்டாம் நிலைக்கு ஒன்று முதல் இரண்டு மாதம் ஆகும். முழுக் கிழிவுக்கு மூன்று மாதமும் அதற்கு மேலும் ஆகும். ஜவ்வுக்கு இரத்த ஓட்டம் குறைவு என்பதால் அது இன்னும் மெதுவாகவே ஆறும். வலி போன பிறகும் உள்ளே இழைகள் உறுதிப்பட மாதக்கணக்கில் ஆகும்.

நாள் கணக்கைவிடக் கால் என்ன செய்கிறது என்பதையே நான் பார்ப்பேன். மூன்றாம் நாளிலிருந்து உட்கார்ந்தபடியே பெருவிரலால் காற்றில் அ, ஆ, இ என்று எழுதிப் பழகுங்கள். வலியின்றி நடக்க முடிந்ததும் சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். அடுத்து அடிபட்ட காலில் மட்டும் 30 விநாடி நில்லுங்கள். பின்னர் அதையே கண்ணை மூடிச் செய்யுங்கள். ஜவ்வுக்குள் மூட்டின் நிலையை மூளைக்குச் சொல்லும் உணர்விகள் இருக்கின்றன. அவையும் கிழிந்துபோனதால்தான் ஒருமுறை பிசகிய கால் மறுபடி மறுபடி பிசகுகிறது. இந்த ஒற்றைக்கால் பயிற்சி அவற்றைத் திரும்பப் பழக்குகிறது. வீட்டுத் தரையில் இது எளிதான பின் ஈர மணலிலும், அதன்பின் காய்ந்த மணலிலும் செய்யுங்கள். ஒற்றைக் காலில் வலியின்றிப் பத்து முறை குதிக்க முடிந்தவரே ஆடும் படகில் ஏறலாம்.

கேள்வி: தோள் வலிக்குத் தொடர்ந்து ஊசி போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. ஸ்டீராய்டு ஊசி ஒருமுறை நிவாரணம் தரலாம். அடிக்கடி போட்டால் தசைநாணே நைந்துபோகும். கையைப் பக்கவாட்டில் தூக்க முடியாமல், இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாமல் இருந்தால் தோளைச் சுழற்றும் தசைநாண் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு அடிபடாமலே தோள் இறுகிப்போவதும் உண்டு.

கேள்வி: இவ்வளவு நாள் இயன்முறை சிகிச்சைக்குச் செலவழிக்க முடியாதே?

அரசு மருத்துவமனைகளில் எலும்பு மருத்துவமும் இயன்முறை சிகிச்சையும் உண்டு; இராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. நடக்க இயலாதவர்களுக்கு, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியே இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருவதற்கும் ஏற்பாடு இருக்கிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

கேள்வி: படகில் என்ன வைத்திருக்க வேண்டும்?

அகலமான கிரேப் பேண்டேஜ் இரண்டு, சுத்தமான துணி, பாராசிட்டமால் ஓர் அட்டை, உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், கத்தரி, கையையோ காலையோ அசையாமல் வைத்துக் கட்ட ஒரு முழ நீளத்தில் வழவழப்பான இரண்டு பலகைகள் ஆகியவற்றை நீர் புகாத பெட்டியில் வையுங்கள். ஐஸ் வைக்க நேர்ந்தால் மீன் படாத ஐஸாக எடுத்துக்கொள்ள, புறப்படும்போதே ஒரு பையில் தனியாகக் கட்டி வைத்துவிடுங்கள்.